சின்ன நாற்காலியில் பெரியவர்கள்

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கு, வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்புக்கென்று தனிக் கட்டடம் இல்லை; தோட்டத்து முன்பள்ளியை இரவல் வாங்கியிருக்கிறோம். சுவரில் அணிலும் ஆடும் இலையும் படங்களாக ஒட்டப்பட்டிருக்கின்றன. நாற்காலிகள் நான்கு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் நாள் அவற்றைத் துடைத்து வரிசையாக வைத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்: லொறி ஓட்டும் ஒருவரின் முழங்கால்கள் அவருடைய மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தன, கொப்பியை எங்கே வைத்து எழுதுவதென்று தெரியாமல் அதைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, சாக்கை விரித்துத் தரையில் அமர்ந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதான ஒருவர் ஒன்றரை மணி நேரமும் கதவோரம் நின்றே கழித்தார். உட்காருங்கள் என்றேன். “இடுப்பு வலிங்க டீச்சர், நிக்கிறதுதான் சொகம்” என்றார். அவருக்கு இடுப்பு வலியே கிடையாது என்பது பல வாரங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. கல்வியியற் கல்லூரியில் நான் பெற்ற பயிற்சி முழுவதும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கானது. பாட்டு, விளையாட்டு, கைதட்டல், படஅட்டை என்பவைதான் என் கைவசமிருந்த கருவிகள். ஆகவே முதல் நாள் உடலுறுப்புகளைத் தொட்டுக் காட்டிப் பாடும் ஒரு சிறுவர் பாட்டோடு பாடத்தைத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். தரையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கதவோரம் நின்றவர் வெளியே தெரிந்த தேயிலை மலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பாட்டை நான் இரண்டாவது முறை பாடவில்லை.

கதவோரம் நின்றவர் தோட்டக் கமிட்டித் தலைவர். அவர் பேசுவதை நான் வெளியில் கேட்டிருக்கிறேன். கொழுந்து நிறுவையில் இறாத்தல் குறைத்துப் போட்டார்கள் என்று ஒரு முறை தகராறு வந்தபோது, ஆபீஸ் வாசலில் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், ஒரு பழமொழியைச் சொல்லி, அதற்கொரு கணக்கையும் சொல்லி, கடைசியில் துரையையே சிரிக்கவைத்துக் காரியத்தை முடித்தவர். பொலிஸிலும் தொழில் அலுவலகத்திலும் சிங்களத்தில் வாதாடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் நான் “வட் இஸ் யோர் நேம்?” என்று கேட்டபோது, தம் பெயரைச் சொல்வதற்கு அவர் மூன்று முறை தொண்டையைச் செருமினார். இரண்டு மொழிகளில் ஆளாக நிற்கிறவர் மூன்றாவது மொழியின் வாசற்படியில் குழந்தையாக்கப்படுகிறார். வளர்ந்தவர்களின் வகுப்பில் நான் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான் என்பது என் எண்ணம். நாற்காலி அதன் கண்ணுக்குத் தெரிந்த வடிவம். மற்றவை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன.

சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். வைத்திருப்பவன் வீசுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான் என்பது அதன் உட்பொருள். எங்கள் வகுப்பில் இருக்கும் மூத்தவர்கள் அந்த வாளைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காதவர்கள். நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார், கொழுந்து மலையில் ஆள் குறைந்தால் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் என்று அவர்கள் சொல்லும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்பது துரை தம் நாயைக் கூப்பிடும் மொழியாக மட்டும் இருந்தது. இது தலைவர் சொன்ன வாசகம், நான் மெருகேற்றவில்லை.

பாட்டுத் தோற்ற பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாகத் தொடங்கினேன். “உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்” என்றேன். ஒன்றும் தெரியாது என்றார்கள். “வேலைக்கு வந்த நாளைப் பதிகிறார்களே, அந்தச் செக்ரோல் என்பது எந்த மொழி?” என்று கேட்டேன். ஒரு கணம் அமைதி. பிறகு சொற்கள் வரத் தொடங்கின. வரிசை வீடுகளைக் குறிக்கும் லயம், ஸ்டோர், ரோலர், டிரையர், டஸ்ட், கண்டக்டர், கிளாக்கர், டீமேக்கர், டிவிஷன், டிஸ்பென்சரி, அட்வான்ஸ், போனஸ். விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் ‘பெரட்டு’ கூட ‘பரேட்’ என்பதன் மலைநாட்டு உருவம்தான் என்று சொன்னபோது, தரையில் இருந்த ஓர் அக்கா, “அப்ப நான் முப்பது வருசமா இங்கிலீசுலதான் வேலைக்குப் போயிருக்கேன்” என்றார். பலகை நிறைந்துவிட்டது, வெண்கட்டி தீர்ந்துவிட்டது.

அந்த உற்சாகத்தில் நான் மறுபக்கத்தையும் காட்ட விரும்பினேன். நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் உண்டு. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ என்ற பெயரில் அவர்களுடைய சூப்பானது என்றெல்லாம் சொன்னேன். ‘கூலி’ என்ற சொல்லும் தமிழிலிருந்துதான் போனதென்று ஒரு கருத்து இருக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது, ஏனென்றால் அறை சட்டென்று அடங்கிவிட்டது. தலைவர்தான் முதலில் பேசினார். “நமக்கு அது செஞ்ச வேலைக்கு வாங்குற காசுங்க டீச்சர். அவங்கதான் அத ஆளுக்குப் பேரா வச்சாங்க.” பொருள் மாற்றம் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. அன்று முதல் அவர் நிற்பதை விட்டுவிட்டு உட்காரத் தொடங்கினார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவர் உட்கார்ந்தது அடுத்த மாதம்தான், அதுவும் கோயில் மடத்திலிருந்து நான்கு வாங்குகளை, அதாவது நீள இருக்கைகளை, இளைஞர்களை அனுப்பித் தூக்கிவரச் செய்த பிறகு. நாற்காலிப் பிரச்சினையை நான் தீர்க்கவில்லை, அவரே தீர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டவர் மரக்கறிக் கடையில் நிற்கும் ஒரு பெண். “சிங்களம் படிக்காமலே வந்துருச்சு. இங்கிலீசு மட்டும் ஏன் டீச்சர் படிச்சும் வர மாட்டேங்குது?” கடையிலும் பஸ்ஸிலும் கேட்டுக்கேட்டு வந்தது என்பது பாதிப் பதில். மீதிப் பதில் மொழிகளின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். சிங்களத்தில் ‘மட்ட படகினி’ என்கிறார்கள். இரண்டிலும் பசி எனக்கு வந்து சேர்கிற ஒன்று. ஆங்கிலத்திலோ ‘ஐ ஆம் ஹங்க்ரி’, நானே பசியாக இருக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அது நடுவில் புகுந்துவிடுகிறது. தமிழில் ‘நான் டிரைவர்’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்று ஓர் ஆணியும் ‘எ’ என்று இன்னோர் ஆணியும் அடிக்க வேண்டும். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதில் உடைமையைக் குறிக்கும் வினையே கிடையாது; ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ இல்லாமல் பிள்ளைகளும் இல்லை. இதை நான் பலகையில் மூன்று மொழிகளையும் தமிழ் எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோது, அவர்களுடைய முகத்தில் வந்தது புரிதலைவிட நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். தம் மூளை மந்தமில்லை, இடையிலுள்ள ஆறுதான் அகலமானது என்று தெரிவதும் ஒரு பாடமாக இருந்தது. வகுப்பில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்ற விதியை நான் அன்றே கைவிட்டேன். பிள்ளைகளிடம் அந்த விதி சில வேளை பலன் தரலாம். நாற்பது வயதுப் பெண்ணிடம் அது வாயில் துணியை அடைப்பதற்குச் சமம்.

‘போயிட்டு வாரேன்’ என்பதைச் சொல்லாமல் நம்மில் யாரும் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. ‘போறேன்’ என்பது அபசகுனம். சிங்களத்தில் ‘கிஹின் என்னம்’ என்பதும் அதேதான். ஆகவே வகுப்பு முடிந்ததும் அத்தனை பேரும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்கிறார்கள். இது பிழை, ‘பாய்’ என்று சொல்ல வேண்டும் என்று திருத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. இந்த நாட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே அப்படிச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். வருகிற அடுத்த கிழமைக்கு அது ஓர் உறுதிமொழியாகவும் இருக்கிறது.

உச்சரிப்பில் எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு கோப்பை கோப்பி. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கும் இளம்பெண் எங்கள் வகுப்பில் இருக்கிறார். காலையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அவரிடம் ‘கொஃபி’ கேட்டிருக்கிறார். இவர் ஓடிப்போய், விருந்தினர் பெயர் பதியும் பெரிய கொப்பியைக் கொண்டுவந்து விரித்து, பேனாவையும் கொடுத்திருக்கிறார். அவரும் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் கொஃபி கேட்டிருக்கிறார். வகுப்பே விழுந்து சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நம் பேச்சில் எழுதும் கொப்பி வேறு, குடிக்கும் கோப்பி வேறு; இரண்டையும் பிரிப்பது உயிரின் குறிலும் நெடிலும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களிலும் உயிர் குறிலாகவே இருக்கிறது. பிரிப்பது ‘ப’வும் ‘ஃப’வும். அவர் தமிழ்க் காதால் குறிலைக் கேட்டார், கொப்பியைக் கொண்டுவந்தார். நம்மிடம் இருக்கும் பயிற்சிப் புத்தகங்களில் ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று கப்பலையும் செம்மறியாட்டையும் பிரித்துச் சொல்லப் பக்கம் பக்கமாகப் பயிற்சி வருகிறது. குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த தமிழனுக்கு அதில் பெரிய தடுமாற்றம் இல்லை. நமக்கு வேண்டியது ‘கோட்’டையும் ‘கோட்’டையும், அதாவது மேலங்கியையும் ஆட்டையும் பிரிக்கும் பயிற்சி, அவை இரண்டையும் தமிழில் எழுதினாலே ஒன்றாகிவிடுகின்றன என்பதை இந்த வரியிலேயே பார்க்கலாம்.

ஒலியைவிடக் கடினமானது மரியாதை. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல் நீ, நீங்கள் இரண்டுக்கும் நிற்கிறது என்று சொன்ன நாளில் மூத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. துரையைப் போய் ‘யூ’ என்பதா? அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ‘சேர் கோயிங்?’, ‘மேடம் ஈட்டிங்?’ என்று, எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசினார்கள். தமிழில் ‘ஐயா சாப்பிட்டாங்களா?’ என்று கேட்பதன் நேர்வடிவம் அது. இலக்கணப்படி முடமான வாக்கியம். ஆனால் அதற்குள் எவ்வளவு நாகரிகம் ஒளிந்திருக்கிறது என்பது கேட்கிற வெளிநாட்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை.

இதன் மறுபுறமும் உண்டு. ‘தண்ணி குடுங்க’ என்பதில் கடைசி ‘ங்க’வில் முழு மரியாதையும் இருக்கிறது, தனியாக ‘தயவுசெய்து’ என்று சொன்னால் அது மேடைப் பேச்சாகிவிடும். ஆனால் அதை ஆங்கிலமாக்கும்போது ‘ங்க’ வழியில் உதிர்ந்து, ‘கிவ் வாட்டர்’ என்ற கட்டளை மட்டும் போய்ச் சேர்கிறது. மிகப் பணிவான பெண்கள் ஆங்கிலத்தில் அதிகாரம் செய்கிறவர்களாகத் தோன்றிவிடுகிறார்கள். ‘குட் ஐ ஹேவ் சம் வாட்டர், பிளீஸ்?’ என்று நான் எழுதிக் காட்டியபோது, “தண்ணி கேக்குறதுக்கு இவ்வளவு சுத்தா?” என்று கேட்டார்கள். தமிழில் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மரியாதை, ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு முன்னால் வந்து நின்று கதவைத் தட்டுகிறது என்று விளக்கினேன். அதன்பிறகு அதை அவர்கள் ‘கதவு தட்டுற வாக்கியம்’ என்றே அழைக்கிறார்கள். இலக்கணப் புத்தகங்களில் இதற்கு இருக்கும் பெயரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

‘யெஸ்’ஸும் ‘நோ’வும் கூட எளிதல்ல. விடுதியொன்றில் வேலை செய்யும் இளைஞரிடம், “டோன்ட் யூ ஹேவ் ஹாட் வாட்டர்?” என்று ஒருவர் கேட்க, இவர் ‘ஆமாங்க, இல்லைங்க’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்: “யெஸ் சேர்.” மார்கழி மாதத்து நுவரெலியாவில் அந்த மனிதர் துவாயோடு குளியலறைக்குப் போனதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. விருந்தினரிடம் வெறுமனே ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பதும் அந்த இளைஞரின் வளர்ப்பில் இருக்கிறது.

பிழையைத் திருத்துவது பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. முதல் நாள் கொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்த லொறிக்காரரும், சாதாரண தரப் பரீட்சை எழுதக் காத்திருந்த அவருடைய மகளும் ஒன்றாகவே வகுப்புக்கு வந்தார்கள். ஒரு நாள் அவர், “எஸ்டர்டே ஐ கோட் கொலம்போ” என்று தொடங்கினார். ‘கோ’வோடு இறந்தகால விகுதியை அவரே கணக்குப் போட்டுச் சேர்த்திருந்தார், அதுவும் ஒரு வகையில் கற்றதன் அடையாளம்தான். நான் வாய் திறப்பதற்குள் மகள், “கோட் இல்லப்பா, வென்ட்!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதுதான் பெரிய பிழை. அடுத்த மூன்று வாரங்கள் அவர் வரவில்லை. நான் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார்கள். மழையைப் பற்றியும், தேங்காய் விலையைப் பற்றியும், மகளுடைய பரீட்சையைப் பற்றியும் பேசினோம். வகுப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “லோடு அதிகமுங்க டீச்சர், ஞாயித்துக்கெழமையும் ஓட வேண்டியிருக்கு” என்றார்.

அவர் திரும்பி வந்தபோது தகப்பனையும் மகளையும் வெவ்வேறு குழுக்களில் உட்காரவைத்தேன். அவர் குழுவிடம், அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் ஏ7 வீதியைத் தாளில் வரைந்து, எந்த வளைவில் எந்தக் கியர், எந்த இடத்தில் பனிமூட்டம் இறங்கும், எங்கே மண் சரியும் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ‘ரைட் டர்ன், டேஞ்சர், ஸெகண்ட் கியர், நோ பிரேக்’ என்று அவர் சொல்லச் சொல்ல, இளைஞர்கள் கேள்வி கேட்க, அரை மணி நேரம் அவரே ஆசிரியராக இருந்தார். வினைச்சொல் இல்லாத அந்த வாக்கியங்களை வைத்து ஒரு லொறியைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட முடியும். அவர் இன்றைக்கும் ‘கோட்’ என்றுதான் சொல்கிறார். நான் விட்டுவிட்டேன். சில ஆசிரிய நண்பர்கள் இதைக் கடமை தவறுதல் என்கிறார்கள். பிழையான வாக்கியத்தோடு வகுப்பில் இருப்பவருக்கு என்றாவது ஒரு நாள் சரியான வாக்கியம் வரலாம், வராமலே போனவருக்கு ஒன்றும் வராது என்பது என் கணக்கு. ஏனென்றால் வராமலே போனவர் ஒருவரும் என் மனதில் இருக்கிறார். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்ற ஒரு பெண்ணை, நல்லதென்று எண்ணி, ஒரே பாடத்தில் மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தேன். மூன்றாவது முறையும் அந்த ‘இ’ வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை; வழியில் கண்டால் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்.

எழுத்து என்று வரும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பெயரை எழுதக் கற்றுக்கொடுத்த நாளில், அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஓர் அக்கா (அவர் பெயரை லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம்) அடையாள அட்டையோடு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூன்றையும் வாங்கின்மேல் விரித்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டார். ஒன்றில் ‘எல்’லுக்குப் பின் ‘ஈ’ இருந்தது, ஒன்றில் ‘ஏ’, மற்றதில் ‘யூ’. “இதுல நான் யாருங்க டீச்சர்?” என்றார். சொன்ன பெயரைத் தம் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டு போன எத்தனையோ கிளாக்கர்களின் எழுத்துக்கூட்டல் அது. வேலையிலிருந்து நின்று பணத்தை எடுக்கப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் பொதுவாகத் தெரியவரும். சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்), கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று அலைச்சல் தொடங்கும். ஆங்கில அரிச்சுவடி அந்த அக்காவுக்கு முதலில் கொடுத்தது இந்தத் தலைவலியைத்தான், ஆனால் ஓய்வுபெறப் பத்து வருடம் இருக்கும்போதே கொடுத்தது.

‘சர்நேம்’ என்ற பெட்டியும் அப்படியே. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். படிவம் விடாது, ஆகவே தகப்பன் பெயர் அந்தப் பெட்டிக்குள் போகிறது. குவைத்தில் வேலை செய்து திரும்பிய ஒரு பெண் சொன்னார்: “ரெண்டு வருசமும் அந்த வீட்டுல எங்கப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நானும் யெஸ் மேடம், யெஸ் மேடம்னு போய் நின்னேன்.”

மற்றச் சிரமங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மேட்டு லயத்திலிருந்து அட்டைக்கடியோடு இறங்கி வருகிறவர்களிடம் நேரம் தவறாமை பற்றிப் பேச எனக்கு வாய் வராது. மின்சாரம் போகும். தேர்த் திருவிழா மாதத்தில் வகுப்பே கிடையாது. பச்சைக் கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை இருக்கும்; அன்று பலகையும் நானும் இரண்டு இளைஞர்களும் மட்டும்தான். வந்தவர்களுக்குப் போன வாரத்துப் பாடம், வராதவர்களுக்கு அதற்கு முந்திய வாரத்துப் பாடம் என்று ஒரே அறையில் இரண்டு பாடம் நடக்கும். இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலைப் பாடம். அவர்களே கேட்டு வாங்கியது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றும், ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றும் சொல்கிறது. ஆனாலும் வாட்டில் டொக்டர் சிங்களத்தில் கேட்க, சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதுமாயிருக்கும் நம் பெண்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு நிற்க, நடுவில் பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தாலாவது இணைத்துக்கொள்ளலாமே என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. ‘பெயின்’, ‘ஏக்’ என்று இரண்டு சொற்களைப் பலகையில் எழுதி, தலை, வயிறு, முதுகு என்று பொருத்திச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். எளிய பாடம், அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

“டீச்சர், குத்துறதுக்கும் இதானா?” என்று கேட்டார் ஓர் அக்கா. குத்துவதற்கு ‘ஸ்டாபிங்’ என்றேன். எரிவதற்கு ‘பேர்னிங்’. விண்ணுவிண்ணென்று தெறிப்பதற்கு ‘த்ரொபிங்’. அதோடு நிற்கவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுத்தி, மாலையில் பிடரியில் ஏறுமே, அந்த ‘இழுப்பு’க்கு என்ன? காலெல்லாம் ‘கொடையுது’ என்கிறோமே, அதற்கு? விரல் நுனி ‘விறுவிறுங்குது’, அது வலியும் இல்லை, மரத்துப்போனதும் இல்லை, அதற்கு? ஒருவர் சொல்ல இன்னொருவர் திருத்தினார். குடைச்சல் எலும்புக்குள், உளைச்சல் சதைக்குள் என்று தரையில் இருந்த இருவருக்கும் இடையில் ஒரு விவாதமே நடந்தது. தலைவர் நடுவராக இருந்தார். பலகையின் இடப்பக்கம் தமிழ்ச் சொற்களால் நிறைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் நான் எழுதியவை ஆறோ ஏழோ. கைத்தொலைபேசியில் அகராதியைத் திறந்து பார்த்தேன். சமிக்ஞை கிடைக்கவில்லை.

‘கடுகடுப்பு’ என்ற சொல்லுக்கு நேரே வெண்கட்டியை வைத்துக்கொண்டு நான் நின்றேன். தொண்டையைச் செருமினேன். தரையில் இருந்த அக்கா என்னைப் பார்த்தார், பிறகு கொப்பியை மூடிச் சாக்கைச் சுருட்டத் தொடங்கினார்.

“அவசரமில்லீங்க டீச்சர்” என்றார். “யோசிச்சு வைங்க. அடுத்த கெழம சொல்லலாம்.”